விலைவாசி குறைய நேர்ந்துவிட்ட கோழிகள்

எங்கள் அப்பாவுக்குக் கூட்டத்தில் பேச வராது. வீட்டுக்குள் வாய் குறைவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும், நாக்கில் முதலில் எது வந்து நிற்கிறதோ அதைச் சொல்லிவிடுவார். அந்த ஒரு குணத்தால் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் கேட்பாரில்லாமல் கொழுத்துத் திரிந்தன, பிள்ளை பெற்ற என் அக்கா மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு கிடந்தாள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், சிரிப்பு அப்புறம்தான்.

மலாயாவில், கெடா மாநிலத்தில், குருணுக்கும் புக்கிட் செலம்பாவுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால், நாங்கள் அங்கே பால் வெட்டினோம், அவ்வளவுதான். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், பால் வெட்டு நின்றது, மரத்துக்கு நடுவில் கிடைத்த இடமெல்லாம் மரவள்ளி நட்டோம். அக்காவின் புருஷனை சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போனார்கள். அப்போது அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. கொஞ்ச நாளில் கெடாவே சயாம்காரன் கைக்குப் போய்விட்டது என்றார்கள். குருண் சர்க்கார் ஆபீஸில் கொடி மாறியது. உப்பு விலை எந்தக் கொடிக்கும் மரியாதை கொடுக்கவில்லை.

அந்த ஆபீஸுக்கு அடிக்கடி கவலை வரும். கவலை வந்தால் உத்தரவு போடும். மீன் விலை ஏறுகிறது என்று கவலைப்பட்டு, இன்ன விலைக்கு மேல் விற்றால் உதை விழும் என்று ஒரு தடவை பலகையில் எழுதி வைத்தார்கள். அதோடு கோலா கெடாவிலிருந்து மீன் வருவது நின்றது. மீன்காரனுக்கு என்ன பைத்தியமா, அத்தனை தூரம் கொண்டுவந்து நஷ்டத்துக்கு விற்க? அவனே ஆக்கித் தின்றான். குருண் பாசாரில் மலிவு மீனின் விலை மட்டும் பலகையில் இருந்தது.

அடுத்ததாகக் கோழியைப் பற்றிக் கவலை வந்தது. ஒவ்வொரு வீடும் தன் கோழியில் பாதியை ஆபீஸ் சொல்லும் விலைக்கு ஆபீஸுக்கே கொடுத்துவிட வேண்டும், ஆபீஸ் அதை டவுனில் மலிவாக விற்கும், விலை இறங்கிவிடும் என்று உத்தரவு. அவர்கள் கொடுக்கும், ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்குக் கைப்பிடி உப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் ஒப்பாரி வைக்காத குறை. ஆனால் உத்தரவின் கடைசியில், கோயில் சொத்தைத் தொடமாட்டோம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டவர் எங்கள் பூசாரி. மற்ற நாளெல்லாம் எங்களோடு மரவள்ளி கொத்துவார், வெள்ளிக்கிழமை மட்டும் முனியாண்டிக்குப் பூசை செய்வார்.

"நேந்துவிட்ட கோழி யாரு கோழி? முனி கோழி. முனி கோழின்னா கோயில் சொத்துதானே? எவன் வந்து தொடுறான்னு பாப்போம்லா" என்றார்.

நேர்ந்துவிடுவது எங்களுக்குப் புதிதல்ல. காரியம் ஒன்று நடக்க வேண்டும் என்று முனிக்கு ஒரு சேவலை வேண்டிக்கொண்டு, அதன் காலில் மஞ்சள் துணி கட்டி விட்டுவிடுவோம். காரியம் நடக்கும்வரை அதை விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது. நடந்த பிறகு முனி முன்னால் அறுத்து, ஆக்கி, அவருக்குப் படைத்துவிட்டு நாம் சாப்பிடலாம். வழக்கமாக லயத்துக்கு ஒன்றோ இரண்டோ அப்படித் திரியும். பூசாரி பேசி முடித்த மறுநாள் காலையில், பொரித்து வந்த குஞ்சுவரைக்கும் எல்லாமே மஞ்சள் துணியோடு நின்றன. அத்தனைக்கும் மஞ்சள் வாங்கியதில் குருண் கடையில் மஞ்சள் விலை ஏறிக் குதித்தது. அந்த ஆபீஸ் கோழி விலையை இறக்கப் போட்ட உத்தரவில் முதலில் ஏறியது மஞ்சள்தான்.

கோழியைக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைக்காரன் காலத்திலும் அதே ஆபீஸில்தான் இருந்தார், எந்தக் கொடி ஏறினாலும் அதே கால்சட்டையைத்தான் போட்டார். மெலிந்த மனிதர், சிரிக்கமாட்டார். லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பூசாரியிடம் வந்தார்.

"முனிக்குச் சேவல்தானே நேருறது? நீங்கள் பெட்டைக் கோழியையும் நேர்ந்திருக்கிறியளோ?"

"எங்க முனி வித்தியாசம் பாக்க மாட்டாருங்கையா" என்றார் பூசாரி.

கிராணி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எல்லோரையும் முனி மரத்தடிக்கு வரச் சொன்னார். அங்கே முனியின் கல்லும் ஆளுயரச் சூலமும் நிற்கும். "மேல கேட்பினம். என்னத்துக்காக நேர்ந்தனீங்கள் எண்டு நான் எழுத வேணும். ஒவ்வொருத்தரா வந்து, சூலத்தைத் தொட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. ஆபீஸுக்குப் பொய் சொல்ல எங்களில் யாருக்கும் பயமில்லை. சூலத்தைத் தொட்டுச் சொன்னால் அது பொய்யாக இருக்க முடியாது. வாயிலிருந்து வந்த அந்த நிமிஷமே நேர்த்தி ஆகிவிடும். பூசாரிக்கே முகம் வெளுத்துவிட்டது. கிராணி எங்களைச் சரியாக அளந்து வைத்திருந்தார்.

முதலில் போனவன் கெட்டிக்காரன். மழை விடவேண்டும் என்று நேர்ந்தேன் என்றான். அப்போது விடாத மழைக்காலம், எப்படியும் ஒருநாள் விட்டுத்தானே ஆக வேண்டும்? அடுத்தவள், மாமியாருக்கு உடம்பு தேற வேண்டும் என்றாள். மாமியார்க்காரி இரும்புத் தூண் மாதிரி பின்னாலேயே நின்றிருந்தாள். "எனக்கு என்னடி கேடு?" என்று அங்கேயே தொடங்கிவிட்டாள். இன்னொருவர், எங்களை வேலை வாங்கும் மண்டோருக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்றார். மண்டோரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அப்பாவின் முறை வந்தது. அக்காவுக்குச் சுகப் பிரசவம் ஆகவேண்டும் என்று சொல்லச் சொல்லி அம்மா வழியெல்லாம் பாடம் நடத்திக் கூட்டிவந்திருந்தாள். அப்பா சூலத்தைத் தொட்டார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

"விலைவாசி குறையணும்" என்றார்.

கிராணி தலை நிமிர்ந்தார். "எல்லாக் கோழியுமோ?"

"எல்லாந்தாங்க."

அந்த மனிதர் வாயோரம் லேசாகக் கோணியதை நான் பார்த்தேன். அம்மா சேலைக்குப் பதில் கட்டியிருந்த கோணிச்சாக்கின் ஓரத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டாள், கத்திவிடாமல் இருக்க.

எல்லாக் கோழியும் என்று அப்பா சொன்னாலும், ஒரு சேவல் அக்காவுடையது. புருஷன் போகுமுன் வாங்கிக் கொடுத்த குஞ்சு, செவலை நிறம். அக்கா நிறைமாத வயிற்றோடு மெதுவாக முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சூலத்தைத் தொட்டு, "அவரு சயாமிலேருந்து திரும்பி வரணும்" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அப்போது சிரிக்கவில்லை. கிராணி அதை எழுதும்போது தலை நிமிரவே இல்லை.

இப்படியாக ஆபீஸ் ஒரு கோழியும் இல்லாமல் திரும்பிப் போனது. செய்தி பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவி, அங்கேயும் மஞ்சள் துணி பறந்தது. குருணில் கோழி என்ற பொருளே இல்லாமல் போனது. முட்டைக்கும் இதே கதி. முனி கோழி போட்ட முட்டை யாருடையது என்று லயத்தில் பெரிய வழக்கு நடந்து, அதுவும் முனியுடையதுதான் என்று பூசாரியே மனமில்லாமல் தீர்ப்புச் சொன்னார். ஆகவே முட்டையைத் தின்னாமல் அடைக்கு வைத்தோம். குஞ்சு பொரித்தது. குஞ்சும் முனியுடையது. பாதிக் கோழியைக் காப்பாற்றக் கிளம்பி முழுக் கோழியையும் கைவிட்டிருந்தோம்.

மழைக்காரன் மட்டும் பிழைத்தான். மழை விட்டதும் ஒவ்வொரு வெள்ளியும் முனி முன்னால் ஒரு கோழியை அறுத்துக் குடும்பத்தோடு தின்றான். அவன் வீட்டுக் குழம்பு வாசனை வரும்போது அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்ப்பாள். அப்பா எழுந்து மரவள்ளிக்குக் களை பிடுங்கப் போய்விடுவார். எங்கள் நிலத்தில் அந்த வருஷம் ஒரு புல் முளைக்கவில்லை.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் சுகம்தான், அதற்கப்புறம்தான் கஷ்டம். அக்காவுக்குப் பால் சுரக்கவில்லை. மருத்துவச்சி அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெறுங்கிழங்கு தின்னா எங்கேருந்து வரும்? கோழிய அடிச்சு ரசம் வச்சுக் குடு. அதவிட்டா வேற மருந்து எங்கிட்ட இல்ல" என்றாள். குழந்தை அழுதது. முதலில் ஓங்கி அழுதது, பிறகு அழுகை சின்னதாகிக்கொண்டே வந்தது. அந்தச் சின்ன அழுகைதான் எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் எங்கள் கோழிகள் கொழுகொழுவென்று கிளறிக்கொண்டிருந்தன.

"ஒன்னே ஒன்னு அடிப்போம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பச்சப்புள்ள இருக்கிற வீடு. முனி கோச்சுக்கிட்டா அந்தப் புள்ளமேலதான் கை வப்பாரு" என்றார். அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்தார். அம்மாவுக்கும் பயம்தான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் செவலைச் சேவலைப் பார்த்தாள். படுத்திருந்த அக்கா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் சேவல யாரும் தொட வேணாம். அது இருந்தாத்தான் அவரு வருவாரு."

அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விலைவாசி குறைந்தால் ஒழிய எங்கள் வீட்டில் கோழி கிடையாது. சண்டை முடிந்து, கப்பல் ஓடி, அரிசி வந்து, விலை குறைகிற வரைக்கும் அந்தக் குழந்தை தாங்காது. அம்மா நேராகப் பூசாரியிடம் போய், எது குறைந்தால் முனி ஒத்துக்கொள்வார் என்று கேட்டாள். எல்லா விலையும் என்று அப்பா சொல்லவில்லையே, ஏதாவது ஒரு பொருள் குறைந்தால் போதும் என்று பூசாரி யோசித்துச் சொன்னார்.

எங்கள் நல்ல நேரம், அந்த வாரமே ஆபீஸுக்கு மறுபடி கவலை வந்துவிட்டது. எல்லாச் சாமானும் விலை குறைந்தது என்று குருண் பாசாரில் புதுப் பலகை வைத்திருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். "கேட்டீங்களா? கவர்மெண்டே சொல்லிட்டான்" என்று அம்மா கத்தியை எடுத்தாள். பூசாரி தடுத்தார். "பலகையில எழுதுறது யாருக்குந்தான் முடியும். முனி பலகை படிக்க மாட்டாரு. அந்த வெலைக்கு வாங்கி, சாமான அவரு முன்னால கொண்டாந்து வை."

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு குருணுக்கு நடந்தாள். பலகைக்குப் பக்கத்தில் அதே யாழ்ப்பாணத்துக் கிராணி நின்றிருந்தார். பலகையின் எழுத்து எங்களுக்குப் புரியவில்லை. என்னென்ன குறைந்திருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாம் குறைஞ்சுதான் இருக்கு. சாமான்தான் இல்லை" என்றார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

சீனக் கடை முதலாளி தவுக்கேயிடம் உப்பு கேட்டோம். "தாடா" என்றார். இல்லை என்று மலாயில் சொல்கிறார். சீனி கேட்டோம், தாடா. தீப்பெட்டி, தாடா. சவுக்காரம், தேங்காய் எண்ணெய், நூல், எல்லாம் தாடா. கடைக்குள்ளே மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பலகை விலைக்குத்தான் தாடா. வழக்கமாக வாங்குகிற விலைக்குப் பின்வாசலில் எல்லாம் உண்டு. அம்மாவுக்கு அதுவும் தெரியும், ஆனால் பின்வாசல் விலைக்கு வாங்கினால் முனிக்கு என்ன காட்டுவது?

"பலகை வெலைக்கு ஒங்கிட்ட என்னதான் இருக்கு, தவுக்கே?" அம்மா கடையின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும்.

தவுக்கே தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் தூசி தட்டிக்கொண்டே வந்து ஒரு சின்ன வட்டத் தகர டப்பாவை அம்மா முன்னால் வைத்தார். கறுப்புச் சப்பாத்து பாலிஷ், பூட்ஸுக்குப் பூசுவது. துரைமார் காலத்துச் சரக்கு. துரைமார் போன பிறகு குருணில் அதைச் சீந்த ஆளில்லை.

அம்மா டப்பாவோடு கிராணியிடம் ஓடினாள். "ஐயா, இதுவும் பலகையில இருக்கா?"

கிராணி டப்பாவைப் பார்த்தார். கோணிச்சாக்கு கட்டியிருந்த அம்மாவைப் பார்த்தார். சேறு அப்பிய எங்கள் நாலு வெறுங்காலையும் பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதிய பலகை அது. கடைசி வரியில் சப்பாத்து பாலிஷ் இருக்கத்தான் செய்தது. "இருக்கு. விலையும் குறைஞ்சிருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட ஆள் விலைவாசிக்கு நேர்ந்தவரெல்லோ?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். அவர் கூடவே கடைக்கு வந்து, பலகை விலைக்கு மேல் தவுக்கே வாயைத் திறக்காதபடி பக்கத்தில் நின்றார். கிளம்பும்போது, "பிள்ளை சுகமோ?" என்றார். நாங்கள் குழந்தையைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சூலத்தருகே அக்காவின் வயிற்றைப் பார்த்தவர்தானே.

முனியாண்டி முன்னால் அன்றைக்குச் சப்பாத்து பாலிஷ் படைக்கப்பட்டது. வாழையிலை போட்டு, நடுவில் டப்பாவை வைத்து, பூசாரி அதற்குத் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டார். அப்பா திரும்பத் திரும்ப, "கொறைஞ்சதுதானே? நெசமா கொறைஞ்சதுதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா டப்பாவைத் திறந்து கறுப்பை விரலால் தொட்டு அவர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். அது ஒரு வாரம் போகவில்லை.

கோழி அடித்து, மிளகு தட்டிப் போட்டு அக்காவுக்கு ரசம் கொடுத்தோம். அன்றைக்கும் கொடுத்தோம், மறுநாளும் கொடுத்தோம். அதற்கப்புறம் குழந்தை வாயை எடுக்காமல் குடித்துக்கொண்டே தூங்கிப்போனதை நான் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இல்லை.

கதை ஆபீஸில் வேறு மாதிரி போயிருக்கிறது. பலகை விலைக்குக் குருணில் ஒரு சாமான் விற்றே விட்டது என்று மேலே எழுதினார்களாம். ஜனங்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள் என்று மேலே புரிந்துகொண்டு, அடுத்த பலகையில் சப்பாத்து பாலிஷ் விலையை ஏற்றிவிட்டார்கள். அப்பா அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. தின்ற கோழியை முனிக்குத் திருப்பித் தர வேண்டியிருக்குமோ என்று பயம். "சாமி கணக்கு முடிச்சிட்டாருலா, போய்யா" என்று பூசாரி விரட்டிவிட்டார்.

செவலைச் சேவல் மட்டும் மஞ்சள் துணியோடு திரிந்தது. துணி நைந்தால் அக்கா புதிதாகக் கட்டுவாள். யாரும் தன்னைத் தொடமாட்டார்கள் என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து சட்டிமேல் ஏறும், பிள்ளைகளைக் கொத்தும், மண்டோரையே ஒருமுறை துரத்தியது. ஜப்பான்காரன் போனான், சயாம்காரன் போனான், பழைய துரைமாருக்குப் பதில் புதுத் துரை வந்தார். சயாமுக்குப் போனவர்களில் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். பலபேர் திரும்பவில்லை. அவர்கள் வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்கும் நாளில் அக்கா சேவலுக்குத் தன் சோற்றிலிருந்து எடுத்துப் போடுவாள்.

அவர் வந்தது ஒரு சாயங்காலம். லயத்து முனையில் குச்சி மாதிரி ஒரு ஆள், தோளில் ஒரு துணி மூட்டை. நாங்கள் யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அக்கா வாசலில் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சீப்பைக் கீழே போட்டாள். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். என் அக்கா நேராகப் போய்ச் சேவலை விரட்டினாள்.

"பிடிங்க! அத மொதல்ல பிடிங்க!"

சேவல் பறந்து கூரையில் ஏறியது. அப்பா ஏணிக்கு ஓடினார், அம்மா கூடையோடு ஓடினாள், பூசாரி, மழைக்காரன், மாமியார்க்காரி, லயமே ஓடியது. இத்தனை வருஷம் கை படாத சேவல், லேசில் அகப்படுமா? மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து, குழாயடியைச் சுற்றி, மறுபடி கூரைக்குப் போனது. அக்கா அழுதுகொண்டே ஓடினாள், சிரித்துக்கொண்டே ஓடினாள், நானும் அப்படித்தான் ஓடினேன். சயாமிலிருந்து வந்த மனிதரை வா என்று சொல்லக்கூட ஒரு ஆள் மிச்சமில்லை.

சேவலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் திரும்பியபோது அவர் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, பாதி வாரிய தலையோடு குழந்தை நின்று அவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே கிடந்த சீப்பை எடுத்து அவரிடம் நீட்டியது. அவர் வாங்கி, மீதித் தலையை வாரிவிடத் தொடங்கினார்.